சோற்றைக் குறைப்பதா, வேளையைக் குறைப்பதா, அளவைக் குறைப்பதா?

மதுரை கீழமாசி வீதியில் ஒரு மொத்த மளிகைக் கடையில் பத்தொன்பது ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறேன். உட்கார்ந்தே பார்க்கிற வேலை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இரத்தச் சோதனை செய்தபோது மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 6.1 விழுக்காடு என்று வந்தது. உயரம் 168 செ.மீ., எடை 86 கிலோ, இடுப்புச் சுற்றளவு 104 செ.மீ. இந்திய உடல்வாகுக்கு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினாலே ஆபத்து என்பது கணக்கு. மருத்துவர் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "சர்க்கரை நோய் இன்னும் வரவில்லை, வாசற்படியில் நிற்கிறது. ஏழெட்டு கிலோ குறையுங்கள்" என்றார். எப்படி என்று கேட்டேன். "உங்களால் எது முடியுமோ அப்படி" என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார். தட்டிக்கழிக்கிறாரே என்று எரிச்சலோடுதான் வீட்டுக்கு வந்தேன்.

வழி சொல்ல ஆளுக்கா பஞ்சம்? ஒத்தக்கடையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் மச்சான், "சோற்றை விடுங்கள் மாப்பிள்ளை, எல்லாம் சரியாகிவிடும்" என்றார். அவர் பேலியோக்காரர், அதாவது சோறு, இட்லி போன்ற மாவுச்சத்தை ஒதுக்கிக் கறி, முட்டை, கொழுப்பு என்று சாப்பிடுகிறவர். முதலாளியின் மகன் பதினாறு மணிநேரம் வயிற்றைக் காயப்போட்டு எட்டு மணிநேரத்துக்குள் சாப்பிடுகிற கட்சி. கைபேசியைத் திறந்தால் கலோரி எண்ணச் சொல்கிறார்கள். மூன்றையும் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்துவிட்டேன். எதை எடுப்பது என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கு என் அனுபவம் கொஞ்சம் பயன்படலாம்.

சராசரியாகப் பார்த்தால் மூன்று பாதையும் ஏறத்தாழ ஒரே ஊருக்குத்தான் போகின்றன. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை மாவுச்சத்தையும் மறு பாதியைக் கொழுப்பையும் குறைக்கச் சொல்லி ஓர் ஆண்டு கவனித்தது. 2018இல் முடிவு வெளியானது. மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் சராசரியாக 6.0 கிலோவும், கொழுப்பைக் குறைத்தவர்கள் 5.3 கிலோவும் இழந்திருந்தார்கள். பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஒரே குழுவுக்குள் சிலர் இருபது கிலோவுக்கு மேல் இளைத்திருந்தார்கள், சிலர் போட்டிருந்தார்கள். இரண்டு குழுவுக்கும் பொதுவாகச் சொல்லப்பட்டது ஒன்று உண்டு: சீனியையும் தீட்டிய மாவையும் விடுங்கள், காய்கறியைக் கூட்டுங்கள். அதாவது எந்தக் கட்சியில் சேர்ந்தாலும் பரோட்டாவுக்கு இடமில்லை.

நேரக் கட்டுப்பாட்டைச் சீனாவின் குவாங்சோ நகரில் 139 பேரிடம் ஓர் ஆண்டு சோதித்தார்கள். எல்லாருக்கும் கலோரி வரம்பு ஒன்றுதான். பாதிப் பேர் மட்டும் காலை எட்டுக்கும் மாலை நான்குக்கும் இடையில் சாப்பிட்டு முடிக்க வேண்டும். நேரம் வைத்துச் சாப்பிட்டவர்கள் 8.0 கிலோவும் மற்றவர்கள் 6.3 கிலோவும் குறைந்தார்கள். அந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்பதுதான் புள்ளியியல் முடிவு. ஆகவே எது அதிகம் குறைக்கும் என்று மண்டையை உடைத்துக்கொள்வது வீண். அடுத்த சித்திரைத் திருவிழா வரை எதைப் பிடித்துக்கொண்டிருப்பீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் என்பதால் நான் கலோரியில்தான் தொடங்கினேன். மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு 9. இதில் என்ன கஷ்டம் என்று நினைத்தேன். சின்ன எலக்ட்ரானிக் தராசு ஒன்று வாங்கினேன். முதல் நாள் மதியம் என் மனைவி வழக்கம்போல் சோறு போட்ட தட்டைத் தூக்கித் தராசில் வைத்தேன். தட்டின் எடை போக 420 கிராம். வெந்த சோறு நூறு கிராமுக்கு 130 கலோரி என்றால் குழம்பு ஊற்றுவதற்கு முன்பே 546. "இரண்டே கரண்டிதான் சாப்பிடுகிறேன்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். அந்தக் கரண்டியின் அகலத்தை அன்றுதான் பார்த்தேன்.

இட்லி நேர்மையான பண்டம். எங்கள் வீட்டு இட்லி ஒன்று 45 கிராம், அறுபது கலோரிக்கு அப்படி இப்படி. அதே மாவைக் கல்லில் ஊற்றினால் கணக்கு ஆட்டம் காண ஆரம்பிக்கிறது, ஏனென்றால் எண்ணெய் வந்துவிடுகிறது. குழம்பில் முழுதாகத் தொலைந்துபோகிறது. செயலியில் 'சாம்பார், ஒரு கிண்ணம்' என்று இருக்கும். யார் வீட்டுச் சாம்பார்? சால்னாவில் எத்தனை கரண்டி எண்ணெய் விழுந்தது என்று பரோட்டா மாஸ்டரைக் கேட்டால் அவரே சிரிப்பார். 1992இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. எவ்வளவு குறைத்துச் சாப்பிட்டாலும் உடம்பு இளைக்கவில்லை என்று முறையிட்ட பத்துப் பேரை எடுத்து அளந்து பார்த்தார்கள். உண்மையில் சாப்பிட்டதைவிட அவர்கள் சராசரியாக 47 விழுக்காடு குறைத்துச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் பொய்யர்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. வாய்க்குள் போகிற வறுத்த நிலக்கடலையை யாரும் பேரேட்டில் எழுதுவதில்லை.

தட்டில் தோற்ற பிறகு கடைக்காரப் புத்தி வேலை செய்தது. விற்பனையை எண்ண முடியாவிட்டால் கொள்முதலை எண்ணலாமே? எங்கள் வீட்டில் நான்கு பேர். மாதம் ஐந்து லிட்டர் டின் எண்ணெய் ஒன்று காலியாகும். ஐந்து லிட்டர் ஏறத்தாழ 4,600 கிராம், 41,400 கலோரி. நான்கு பேருக்கும் முப்பது நாளுக்கும் பகிர்ந்தால் தலைக்குத் தினம் 345. வெறும் எண்ணெய் மட்டும் அவ்வளவு, ஏறக்குறைய ஆறு இட்லி! என் மனைவி முதலில் நம்பவில்லை. துண்டுச் சீட்டில் போட்டுக் காட்டியதும், "அப்படியானால் மூன்று லிட்டரில் ஓட்டிப் பார்க்கிறேன்" என்றாள். ஓட்டியும் காட்டினாள். ஞாயிற்றுக்கிழமைப் பூரி போயிற்று, வறுவல் பொரியலாயிற்று. தலைக்கு 140 கலோரி தினமும் குறைந்தது, ஒரு பருக்கையைக்கூட யாரும் எண்ணவில்லை. எந்த முறையிலும் சேராத அவளுக்கு அந்த ஆண்டு நான்கு கிலோ குறைந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் வீட்டில் பேச்சு வாங்க வேண்டும்.

தட்டுக் கணக்கை நாற்பதாம் நாள் மூடிவிட்டேன். இரண்டரை கிலோ குறைந்திருந்தது, கூடவே எரிச்சலும் ஏறியிருந்தது. வில்லாபுரத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் நான் அப்பளத்தை மனக்கணக்குப் போடுவதைப் பார்த்துவிட்டு, "என்னங்க, இலையைப் பார்த்துச் சாப்பிடுகிறீர்களா, தணிக்கை செய்கிறீர்களா?" என்று மனைவி கேட்டாள். சரியான சொல்லைத்தான் போட்டாள். கலோரி எண்ணுவதைத் தணிக்கையாக வைத்துக்கொண்டால் அதற்கு ஈடு வேறு இல்லை. ஒரு மாதம் எழுதினால் காசு எங்கே ஒழுகுகிறது என்று தெரிந்துவிடும். எனக்கு இரண்டு ஓட்டைகள் தெரிந்தன. இரவு பத்து மணிக்கு மேல் சாப்பிடுவது ஒன்று. கடையில் நாளைக்கு நான்கு டீ குடிப்பது இன்னொன்று. பாலும் இரண்டு கரண்டிச் சீனியும் சேர்ந்து டீக்கு எண்பது கலோரி வரும், நான்குக்கு 320. ஆண்டு முழுவதும் தணிக்கை நடந்தால் எந்தக் கடையும் ஓடாது.

அடுத்தது மச்சானின் வழி. முதல் வாரத்திலேயே மூன்று கிலோ காணாமல் போனது. மச்சான் துள்ளிக் குதித்தார். அது பெரும்பாலும் தண்ணீர். உடம்பு மாவுச்சத்தைக் கிளைக்கோஜனாகச் சேமிக்கும்போது கிராமுக்கு மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரையும் கட்டி வைக்கிறது. சேமிப்பு தீர்ந்தால் தண்ணீரும் வெளியேறும், கூடவே உப்பும் போகும். முதல் வாரத் தலைவலிக்கும் அசதிக்கும் அதுதான் காரணம். ஆட்டுக்கால் சூப்பில் உப்புப் போட்டுக் குடித்ததும் எனக்குச் சரியானது. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் இதை மருத்துவரிடம் கேட்காமல் செய்ய வேண்டாம்.

தண்ணீரைக் கழித்துவிட்டாலும் இந்த முறையின் பெருமையைக் குறைத்துப் பேச மனம் வரவில்லை. பசி அடங்கியது. மதியம் மூன்று மணிக்கு வரும் தூக்கம் போனது. இதில்தான் சர்க்கரை அளவும் கண்ணுக்குத் தெரிந்து இறங்கியது. அசைவம் சாப்பிடுகிறவனுக்கு மதுரையைவிட வசதியான ஊர் எது? சுக்கா, ஈரல், குடல், அயிரை மீன் என்று எதையும் விட வேண்டியதில்லை. ஒரு நாள் மெஸ்ஸில் உட்கார்ந்து சோறு வேண்டாம், சுக்காவும் ஆம்லெட்டும் போதும் என்றேன். பரிமாறுகிறவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சோறு வேண்டாமா அண்ணே? உடம்புக்கு என்ன?" என்றார். அவர் குரலில் உண்மையான கவலை இருந்தது.

செலவு என்ன? காலைக்கு நூறு பாதாம் என்பது பேலியோக்காரர்களின் வழக்கம். கலோரியை எண்ணவே வேண்டாம் என்று சொல்கிற கூட்டம் பாதாமை மட்டும் எண்ணிப் போடுவது எனக்கு இன்றும் வேடிக்கையாக இருக்கிறது. நூறு பாதாம் என்றால் ஏறத்தாழ 700 கலோரி. மாதத்துக்கு மூன்று கிலோவுக்கு மேல் ஆகும். கிலோ 800 ரூபாய் என்று வைத்தாலும் ஓர் ஆளின் காலை உணவுக்கு மட்டும் 2,400 ரூபாய்க்கு மேல். கடையில் வேலை பார்ப்பதால் எனக்குக் கொஞ்சம் மலிவாகக் கிடைத்தது, அவ்வளவுதான். பத்து நாளில் முட்டைக்கு மாறிவிட்டேன்.

பணத்தைவிடப் பெரிய செலவு அடுப்படியில் இருந்தது. பிள்ளைகளுக்கு இட்லி, என் அம்மாவுக்குக் குழைந்த சோறு, எனக்குத் தனியாகக் காலிஃபிளவர் துருவல். இரண்டாவது அடுப்பு ஒன்று எரிகிறது என்பதை இந்த முறையைப் புகழ்கிற ஆண்கள் யாரும் சொல்வதில்லை, ஏனென்றால் அதன் முன் நிற்பது அவர்கள் இல்லை. மூன்றாம் மாதம் என் மனைவி கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டு, "துருவுவது நீங்கள், வதக்குவதும் நீங்கள்" என்றாள். நியாயம்தான். துருவினேன்.

நான்காம் மாதம் புரட்டாசி பிறந்தது. எங்கள் வீட்டில் அந்த மாதம் கறியும் இல்லை, முட்டையும் இல்லை. சனிக்கிழமைகளில் தல்லாகுளம் பெருமாள் கோயில். பன்னீரும் தேங்காயுமாக எட்டு நாள் தாக்குப்பிடித்தேன். ஒன்பதாம் நாள் புளியோதரை வந்தது. 79 வரை இறங்கியிருந்த எடை ஒரே வாரத்தில் 81 ஆனது. போன தண்ணீர் திரும்பி வந்ததுதான் என்று அறிவுக்குத் தெரிகிறது, மனசு ஏற்றுக்கொள்ளவில்லை. கார்த்திகையில் மாலை போடுகிற வீடு என்றால் இன்னும் சிரமம். சைவக் குடும்பங்களில் சோற்றை அறவே ஒழிப்பதைவிடப் பாதியாக்கிப் பருப்பையும் சுண்டலையும் தயிரையும் கூட்டுவது நடக்கிற காரியம். அதுவே பெரிய மாற்றம்தான். இந்தியர்களின் கலோரியில் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று 2025இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு சொல்கிறது. பேலியோவில் நெய்யும் வெண்ணெயும் ஏறுவதால் சிலருக்குக் கெட்ட கொழுப்பும் கூடும். தொடங்கும் முன் ஒரு தடவையும் மூன்று மாதம் கழித்து ஒரு தடவையும் பார்த்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது, வேளையைக் குறைப்பது. ஒருபொழுது இருப்பது நம் பாட்டிகளுக்குப் புதிதா என்ன? புதிதாக வந்தது கடிகாரம் மட்டும்தான். பகல் பன்னிரண்டுக்கு முதல் வாய், இரவு எட்டுக்குக் கடைசி வாய் என்று வைத்துக்கொண்டேன். கடை அடைத்து வீடு சேர இரவு பத்தாகும் என்பதால் இரவுச் சாப்பாட்டைத் தூக்குவாளியில் கடைக்கே கொண்டுபோய் ஏழரைக்குச் சாப்பிட்டு முடித்தேன். சமையலில் மாற்றம் இல்லை, செலவு இல்லை, புரட்டாசியும் இடிக்கவில்லை. காலை டீ இரண்டும் தானாகக் கழன்றன. அந்த நேரத்தில் பாலும் சீனியும் இல்லாத டீதான். என் எடை குறைந்ததற்கு உடம்பில் நடந்த மாயம் எதையும் நான் நம்பவில்லை. அந்த இரண்டு டீயும் பத்து மணிப் பரோட்டாவும்தான் காரணம்.

கஷ்டம் இல்லாமல் இல்லை. இரவு ஒன்பதரைக்குக் கீழவாசல் வழியாக வீட்டுக்குப் போகிறேன். கொத்துப் பரோட்டாக் கல்லில் இரும்பு விழுகிற ஓசை தெருமுனையிலேயே கேட்டுவிடும். இந்த ஊர் தூங்காமல் இருப்பது சாப்பிடத்தான். முதல் மூன்று வாரம் தெற்குமாசி வீதியைச் சுற்றிக்கொண்டு போனேன். பிறகு காது பழகிவிட்டது. சனிக்கிழமை மட்டும் விலக்கு.

இந்த முறையில் இரண்டு பொறிகள் உண்டு. எட்டு மணிநேரம் என்பது அனுமதிச் சீட்டு ஆகிவிடும். முதலாளியின் மகன் பன்னிரண்டு அடித்ததும் பிரியாணி, நான்கு மணிக்கு ஜிகர்தண்டா, ஏழே முக்காலுக்கு அவசர அவசரமாகக் கறிதோசை என்று அதற்குள் எல்லாவற்றையும் திணித்து, ஆறு மாதத்தில் ஒரு கிலோ போட்டிருக்கிறார். அமெரிக்காவில் 116 பேரிடம் 12 வாரம் செய்த சோதனை 2020இல் வந்தது. என்ன சாப்பிடுவது என்று எதுவும் சொல்லாமல் நேரத்தை மட்டும் பன்னிரண்டு முதல் எட்டு என்று வைத்தபோது சராசரியாக 0.94 கிலோதான் குறைந்தது. மூன்று வேளையும் சாப்பிட்டவர்களுக்கு 0.68. இவ்வளவுதான் வித்தியாசம். அதிலும் போன எடையில் தசை கணிசம் என்பது இரண்டாவது பொறி. நாற்பதைத் தாண்டியவர்களுக்குத் தசை போனால் திரும்புவது கடினம். இரண்டு வேளையிலும் முட்டையோ மீனோ சுண்டலோ கட்டாயம் வேண்டும். நான் காலையில் தெப்பக்குளத்தைச் சுற்றி நடப்பதோடு வாரம் மூன்று நாள் பத்துக் கிலோ அரிசிப் பையைத் தூக்கி இறக்குகிறேன். கடைப் பையன்களுக்கு இது பெரிய பொழுதுபோக்கு.

மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மேலே எழுதிய எதையும் அப்படியே செய்யக் கூடாது. திருமங்கலத்தில் இருக்கும் என் அக்காவுக்குச் சர்க்கரை நோய், கிளிமிபிரைடு மாத்திரை எடுக்கிறாள். சஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருந்தாள், மாத்திரையை மட்டும் வழக்கம்போல் போட்டுக்கொண்டாள். மூன்றாம் நாள் காலை உடம்பெல்லாம் வியர்த்துக் கை நடுங்கி, பேச்சுக் குழறிவிட்டது. பக்கத்து வீட்டம்மாள் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்குமோ. அந்த வகை மாத்திரையும் இன்சுலினும் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை நோய் மருந்துகளோடு சோற்றை அடியோடு நிறுத்துவது இன்னொரு விதத்தில் ஆபத்து. சர்க்கரை பெரிதாக ஏறாமலேயே இரத்தம் அமிலமாகிவிடக்கூடும். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், வளரும் பிள்ளைகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் ஆகியோருக்கும் இவை விளையாட்டுப் பொருள் இல்லை.

யாருக்கு எது? என் தீர்ப்பைக் கேட்டால் இப்படிச் சொல்வேன். சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது, கறியும் மீனும் பிடிக்கும், சமைக்கத் தனக்கே கை இருக்கிறது என்றால் சோற்றைக் குறையுங்கள். கூட்டுக் குடும்பத்தில் ஒரே உலையில் எல்லாருக்கும் பொங்கும் வீடு, சறுக்குவது இரவு நேரத்தில்தான் என்றால் வேளையைக் குறையுங்கள். நாள் முழுவதும் அடுப்படியில் நின்று ருசி பார்த்தே வயிறு நிரம்புகிறவர்களுக்கு வேளைக் கட்டுப்பாடு நிற்காது. அவர்கள் எண்ணெய் டின்னிலும் சீனி டப்பாவிலும் தேதி எழுதி வைக்கட்டும். எதைத் தேர்ந்தெடுத்தாலும் அதற்கு முன் ஒரு மாதம் தட்டுக் கணக்கு எழுதிப் பாருங்கள். நான் இப்போது 77 கிலோ, சராசரிச் சர்க்கரை 5.8. இந்திய அளவுகோலின்படி இன்னமும் குண்டன்தான். ஆனாலும் ஓர் ஆண்டாக ஏறவில்லை.

போன மாதம் பாண்டி கோயிலில் மச்சானின் பேத்திக்குக் காது குத்து. கிடா வெட்டி விருந்து. ஒரே பந்தியில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். மச்சானின் இலையில் சோறே இல்லை, எலும்பு மலைபோல் குவிந்திருந்தது. என் மனைவி ஒரு கரண்டிச் சோற்றோடு நிறுத்திவிட்டு ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்தாள். சோற்று வாளி மூன்றாம் முறை வந்தபோது நான் இலைக்கு மேல் கையை நீட்டி மறித்தேன்.

"மாப்பிள்ளை, எத்தனை மணிக்கு வாயைப் பூட்டுகிறீர்கள்?" என்றார் மச்சான்.

"எட்டுக்கு."

"மணி இப்போது மூன்றுகூட ஆகவில்லையே" என்று சொல்லிவிட்டு, ஈரல் வாளியைத் தூக்கிக்கொண்டு போன பையனை என் பக்கம் திருப்பிவிட்டார்.